ஓடை கொட்டும் கல்லும் அதை அள்ளத் திணறும் ஆறும்

1966 டிசம்பர் முதல் வாரம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் என்ற ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்கின் வடக்கு விளிம்பில் விடாமல் மழை பெய்தது. சில நாட்களுக்குள் 14 அங்குலம் அளவுக்குக் கொட்டிவிட்டது. அந்த விளிம்பிலிருந்து இறங்கி வரும் கிரிஸ்டல் க்ரீக் என்ற ஓடை கொலராடோ ஆற்றில் சேரும் இடத்தில் அதுவரை படகுக்காரர்கள் பெரிதாகக் கவலைப்படாத ஒரு சலசலப்புதான் இருந்தது. மழை ஓய்ந்தபின் பார்த்தால் ஓடை வாயிலிருந்து ஒரு கற்குவியல் ஆற்றுக்குள் நீண்டு, அகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை அடைத்திருந்தது. மீதி இருந்த இடுக்கு வழியாக மொத்த ஆறும் போயாக வேண்டும். அன்றுமுதல் கிரிஸ்டல் ரேபிட் (பாறைகளுக்கிடையே ஆறு நுரைத்துப் பாயும் இடத்தை ரேபிட் என்பார்கள்) என்றாலே படகோட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும் பெயராகிவிட்டது.

ஆற்றில் ரேபிட் இருக்கிறது என்றால் அடியில் கரையாத கடினப் பாறை குறுக்கே கிடக்கிறது, நீர் அதன்மேல் மோதித் துள்ளுகிறது என்றுதான் பொதுவாக நினைப்போம். கிராண்ட் கேன்யனில் சுமார் 160 ரேபிட்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த விளக்கத்துக்குப் பொருந்துபவை மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லா ரேபிட்டின் ஓரத்திலும் ஒரு பக்க ஓடையின் வாய் இருக்கும். சில இடங்களில் இரு கரையிலும் எதிரெதிரே இருக்கும். நீரியல் அறிஞர் லூனா லியோபோல்ட் 1969-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். கேன்யனுக்குள் ஆறு இறங்கும் மொத்த உயரத்தில் பாதியை அது தன் நீளத்தில் வெறும் 9 சதவீதத்துக்குள் இறங்கிவிடுகிறது. மற்ற இடமெல்லாம் கிட்டத்தட்டக் குளம்போல நகர்கிறது. அந்த 9 சதவீதம் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதை முடிவுசெய்தவை இருபுறமும் வந்து விழும் 700-க்கும் மேற்பட்ட பக்க ஓடைகள். அவற்றில் பல, ஆண்டில் பெரும்பகுதி சொட்டு நீர்கூட இல்லாதவை.

சொட்டு நீர் இல்லாத ஓடை எப்படி இவ்வளவு பெரிய ஆற்றை மறிக்கிறது? ஓடை தண்ணீரைக் கொண்டு இதைச் செய்வதில்லை. சாதாரண வெள்ளத்தில் தண்ணீர்தான் முக்கியப் பொருள். மண் கலங்கி வரும், சரளை அடியில் உருளும், பெரிய கல் இருந்த இடத்திலேயே கிடக்கும். நாம் பேசுவது வேறு வகை. இதில் கொள்ளளவில் பாதிக்கு மேல் கல்லும் மண்ணும்தான் இருக்கும். அவற்றை நனைத்து நகரவைக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். கலவை இயந்திரத்திலிருந்து சரிந்து இறங்கும் கான்கிரீட்டைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அந்தப் பதம். எடை தண்ணீரைப்போல இரண்டு மடங்கு. அதனால் தண்ணீரில் மூழ்கிவிடும் பாறை இதற்குள் பாதி மிதந்துகொண்டே வரும். லாரி அளவுக் கற்கள் மேலே ஏறி, முன்வரிசைக்கு வந்து, ஒரு சுவர்போல நகரும். இதைப் பாறைச்சேற்று ஓட்டம் என்று சொல்லலாம். நம் செய்திகளில் இதையும் காட்டாற்று வெள்ளம், மண்சரிவு என்றே எழுதிவிடுகிறோம். இது சரிவாகத் தொடங்கி, வெள்ளத்தின் வேகத்தில் ஓடி, கற்குவியலாக முடிவது.

கேன்யனில் இது கிளம்பும் விதத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் வெப், பீட்டர் கிரிஃபித்ஸ், தியோடர் மெலிஸ் ஆகியோர் பல ஆண்டுகள் துருவிப் பார்த்தார்கள். விளிம்பில் பெய்த மழை செங்குத்தான பாறைச் சுவரிலிருந்து அருவியாகக் குதிக்கிறது. சுவரின் காலடியில், மேலிருந்து உதிர்ந்த கல்லும் மண்ணும் நெடுங்காலமாகச் சரிவாகச் சேர்ந்து கிடக்கிறது. அதன்மேல் அருவி குத்தும்போது சரிவு கிழிந்து, மொத்தமாகக் கீழே கிளம்புகிறது. இதற்குப் பெயரே தீயணைப்புக் குழாய் விளைவு. இன்னொரு பொருளும் வேண்டும், அது களிமண். கேன்யனின் மேல்பகுதியில் ஹெர்மிட் என்ற செம்மண் நிறக் களிப்பாறை அடுக்கு இருக்கிறது. அது கரைந்து கலந்தால்தான் கலவை குழகுழப்பாகி, கற்களைத் தாங்கிப் பல கிலோமீட்டர் கொண்டுபோக முடியும். வெறும் மணலும் கல்லும் என்றால் தண்ணீர் வடிந்து பாதி வழியிலேயே நின்றுவிடும்.

சரி, இவ்வளவு வேகத்தோடு வருவது ஏன் சரியாக ஆற்றுமுகத்தில் வந்து நிற்கிறது?

முதல் காரணம் சரிவு குறைவது. பக்க ஓடை செங்குத்தாக இறங்குகிறது, பேராறு கிட்டத்தட்டச் சமமாக ஓடுகிறது. இரண்டாவது காரணம் கரை விலகுவது. குறுகிய பாறை இடுக்குக்குள் பல அடி தடிமனாக வந்தது வெளியே வந்ததும் பக்கவாட்டில் பரவும். தடிமன் குறைந்தால் தன் எடையே தன்னைத் தள்ளும் விசையும் குறையும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஓடும்போது கற்களுக்கிடையே சிக்கிய நீர் அழுத்தத்தில் இருக்கிறது. அந்த அழுத்தம் கற்களை ஒன்றோடொன்று உரசவிடாமல் தாங்குகிறது. அழுத்தம் கசிந்து வெளியேறிய இடத்தில் உராய்வு திரும்பி வந்துவிடும்.

இதை ஊகமாக விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்தவர் அதே நிறுவனத்தின் ஆய்வாளர் ரிச்சர்ட் ஐவர்சன். ஓரிகன் மாநிலத்துக் காட்டுக்குள் 1991-இல் அவரது குழுவினர் ஒரு கான்கிரீட் வாய்க்கால் கட்டினார்கள். 95 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 31 டிகிரி சரிவு. மேலே கல்லும் மணலும் நீரும் நிரப்பி, கதவைத் திறந்துவிட வேண்டும். அடியில் பதித்த கருவிகள் அழுத்தத்தை அளக்கும். திரும்பத் திரும்பத் தெரிந்தது இதுதான்: முன்வரிசையில் ஒதுங்கும் பெரிய கற்களுக்கிடையே நீரழுத்தம் ஏறக்குறைய இல்லை, அங்கே உராய்வு அதிகம். பின்னால் வரும் சேற்று உடலில் அழுத்தம் அப்படியே இருக்கிறது, அது நீர்மமாகவே தள்ளிக்கொண்டு வருகிறது. ஆக முரட்டு முனை ஒரு நகரும் அணை. பின்னுடல் அதை முட்டித் தள்ளும் பாரம். சமநிலத்துக்கு வந்ததும் முனை முதலில் நிற்கிறது. பின்னால் வருவது அதன்மேல் ஏறுகிறது அல்லது பக்கத்தில் உடைத்துக்கொண்டு வேறு பாதை எடுக்கிறது. ஓடை வாயில் இருக்கும் குவியல் விசிறி வடிவம் எடுப்பது இப்படித்தான். ஒருமுறை இந்தப் பக்கம், அடுத்தமுறை அந்தப் பக்கம் என்று ஓடை தன் வாயைத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

எந்தக் கோணத்தில் வந்து சேர்கிறது என்பதும் முக்கியம். ஓரிகன் கடற்கரை மலைகளை வைத்து ஆய்வாளர்கள் லீ பெண்டாவும் டெரன்ஸ் கண்டியும் 1990-இல் வெளியிட்ட விதி எளிமையானது: ஓடை பேராற்றில் 70 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் வந்து மோதினால், அல்லது சரிவு 3.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால், ஓட்டம் அங்கேயே இறக்கிவைத்துவிடும். சாய்வாக வந்து சேரும் ஓடை, திசையை அதிகம் மாற்றாமல் பேராற்றின் வழியே இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோகும். குறுக்கே வந்து விழுவது எதிர்க்கரையில் முட்டி அங்கேயே குவியும். வரைபடத்தில் கோணத்தைப் பார்த்தே எந்தச் சங்கமம் அடைபடும் என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

புதிதாக விழுந்த குவியலின் வெட்டுமுகத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஆறு கொண்டுவந்த வண்டலிலிருந்து அதைப் பிரித்துவிடலாம். ஆற்று வண்டல் ரகம் பிரித்தது. மணல் ஒரு அடுக்கு, சரளை ஒரு அடுக்கு, கற்கள் வழவழவென்று உருண்டையாக, ஓட்டத்தின் திசையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். இதில் அப்படி எந்த ஒழுங்கும் இல்லை. ஆள் உயரப் பாறையும் களிமண்ணும் ஒரே பிடியில் இருக்கும். கற்கள் கூர்முனையோடு, ஒன்றையொன்று தொடாமல் சேற்றுக்குள் பதிந்திருக்கும். மேல்பரப்பில் இருபுறமும் வரப்புபோலக் கற்கள் ஒதுங்கியிருக்கும். நடுவில் ஒரு மரம் தப்பித்து நின்றிருந்தால் அதன் மேல்பக்கப் பட்டை உரிந்து, ஆள் உயரத்துக்கு மேலே சேற்றுக் கோடு காய்ந்திருக்கும்.

இந்தக் குவியல் ஆற்றுக்குள் இறங்கியதும் ஆறு தன் வேலையைத் தொடங்குகிறது. களியும் மணலும் சில நிமிடங்களிலேயே கரைந்து போய்விடும். கூழாங்கல் அடுத்த சில வெள்ளங்களில் போகும். பெரிய பாறை அங்கேயே கிடக்கும். கழுவிக் கழுவி மிஞ்சியது பாறைகள் பதிந்த ஒரு தளம், அதுதான் ரேபிட். குவியலுக்கு மேலே நீர் தேங்கிக் குளமாகிறது, இடுக்கில் வேகம் எடுக்கிறது, கீழே போய்க் குழி பறிக்கிறது. குழியிலிருந்து எடுத்ததும் விசிறியிலிருந்து பிடுங்கியதும் இன்னும் கொஞ்சம் கீழே சரளைத் திட்டாகச் சேரும். அது இரண்டாவது, சிறிய ரேபிட். இடுக்கைத் தாண்டியதும் கரையோரம் ஓட்டம் பின்னோக்கிச் சுழல்கிறது. அந்தச் சுழியில் மணல் படிகிறது. கேன்யனில் படகுப் பயணிகள் இரவில் கூடாரம் அடிக்கும் மணல் திட்டுகளில் பெரும்பாலானவை இப்படி உண்டானவையே. ஆக ஒரு ஓடை ஒரு மணி நேரத்தில் கொட்டியது, மேலே ஒரு குளத்தையும் கீழே ஒரு பள்ளத்தையும் ஒரு மணல் கரையையும் சேர்த்தே உண்டாக்கிவிடுகிறது.

ஆறு இதை எவ்வளவு தூரம் திருத்தும்? நிலவியலாளர் சூசன் கீஃபர் கேன்யனின் பழைய விசிறிகளை அளந்தபோது, பெரும்பாலான இடங்களில் ஆறு தன் இயல்பு அகலத்தில் ஏறக்குறைய பாதிக்குச் சுருங்கியிருந்தது. கிரிஸ்டலில் 1966-க்குப் பிறகு அது கால் பங்கு. அதாவது அது வேலை முடியாத இடம். முடிக்கும் வாய்ப்பு 1983 ஜூனில் வந்தது. மலையில் பனி தாமதமாக, ஒரேயடியாக உருகியதால் மேலே இருக்கும் க்ளென் கேன்யன் அணை நிரம்பிவிட்டது. கலிங்குக் கதவுகளின் மேல் ஒட்டுப்பலகை வைத்து உயர்த்தும் நிலை. ஆற்றில் 90,000 கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். மேட்டூர் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த எண் பெரிதாகத் தெரியாது. ஆனால் அதை அகலத்தில் கால் பங்கு இடுக்கு வழியாக அனுப்பிப் பாருங்கள். இடுக்கில் எகிறிய நீர் கீழே வந்து வேகம் இழக்கும் இடத்தில், இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் அலை எழும்பி, நகராமல் அங்கேயே நின்றது. பத்து மீட்டர் நீள மோட்டார் ராஃப்ட்கள் அதில் கவிழ்ந்தன. ஒருவர் இறந்தார். அந்த வெள்ளம் இடுக்கைக் கால் பங்கிலிருந்து சுமார் 40 சதவீதம்வரை அகலப்படுத்தியது. பழைய விசிறிகளைப்போலப் பாதிவரை திறக்க ஏறக்குறைய 4 லட்சம் கன அடி வேண்டும் என்பது கீஃபரின் கணக்கு. அப்படியானால் அந்தப் பழைய விசிறிகளை வடிவமைத்த வெள்ளங்களும் அந்த அளவில் வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். இருக்கும் கற்களை வைத்து, யாரும் பார்க்காத வெள்ளத்தை அளந்த வேலை இது.

லாவா ஃபால்ஸ் கதை இன்னும் சுவாரசியம். கேன்யனிலேயே பயங்கரமான ரேபிட் இது. அருகில் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் சுவர்கள் இருப்பதால், பழைய எரிமலை அணையின் மிச்சத்தின்மேல்தான் ஆறு துள்ளுகிறது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். பெயரும் அதற்கு ஒத்துப்போனது. உண்மையில் எதிரே திறக்கும் ப்ராஸ்பெக்ட் கேன்யன் என்ற பக்கப் பள்ளத்தாக்கு கொட்டியதுதான் அது. இதை உறுதிசெய்ய வெப்பின் குழுவுக்குக் கைகொடுத்தவை பழைய புகைப்படங்கள். 1889-90-இல் ராபர்ட் ப்ரூஸ்டர் ஸ்டான்டன் என்ற பொறியாளர், ஆற்றோரமாக ரயில் பாதை போடலாமா என்று பார்க்க வந்து, வழியெங்கும் படம் எடுத்துவைத்தார். ரயில் வரவே இல்லை, நல்ல காலம். படங்கள் மிஞ்சின. நூறு ஆண்டு கழித்து வெப்பின் ஆட்கள் அதே பாறையில் கேமராவை வைத்து அதே காட்சியை மறுபடி எடுத்தார்கள். எந்தக் கல் நகர்ந்தது, எந்தக் கல் புதிது, எந்தச் செடி அப்படியே நிற்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். லாவா ஃபால்ஸில் 1872 முதல் 1939 வரை எடுத்த படங்களில் விசிறி அசையாமல் இருக்கிறது. அதன்பின் 1939, 1954, 1955, 1963, 1966, 1995 என்று ஆறு முறை புதிய குவியல் வந்து விழுந்திருக்கிறது. அறுபது எழுபது ஆண்டு சும்மா கிடந்தது என்பதை வைத்து அந்த ஓடை அடங்கிவிட்டது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1995 மார்ச்சில் விழுந்த குவியலுக்கு அடுத்த ஆண்டே ஒரு சோதனை அமைந்தது. 1996 மார்ச் 26 முதல் ஒரு வாரம், அணையிலிருந்து 45,000 கன அடியைத் திட்டமிட்டுத் திறந்தார்கள். மணல் திட்டுகளை மீட்பதுதான் நோக்கம். அப்படியே லாவா ஃபால்ஸில் கற்களுக்குள் ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களைப் பொருத்தி, எது எப்போது நகர்கிறது என்று கரையிலிருந்து கேட்டார்கள். புதுக் குவியலின் விளிம்பு அரித்துப்போய் ஆறு கொஞ்சம் அகலமானது. இடம்பெயர்ந்த கற்களில் பல கீழே இருக்கும் குழியைத் தாண்டவில்லை. புதிய குவியல் ஓரளவு மிதமான வெள்ளத்துக்கே மசியும்; ஆண்டுகள் போகப்போகக் கற்கள் இறுகிக்கொள்ளும், அப்புறம் அசைப்பது கஷ்டம்.

இங்கேதான் அணையின் விளைவு வந்து சேர்கிறது. அணை வந்த 1963-க்கு முன் சராசரி ஆண்டு வெள்ளமே 80,000 கன அடியைத் தாண்டும். இப்போது மின் நிலையம் வழியாக வருவது அதிகபட்சம் 30,000 சொச்சம். பக்க ஓடைகளுக்கு அணை கிடையாது. அவை பழையபடி கொட்டுகின்றன. அள்ளும் கை மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. விசிறிகள் மெல்ல மெல்ல ஆற்றுக்குள் நீளும், ரேபிட்கள் செங்குத்தாகும், இடையே உள்ள குளங்கள் நீளும். அணை என்றால் கீழே மணல் வராது என்பதை எல்லோரும் பேசுகிறார்கள். கல் போகாது என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு.

கிராண்ட் கேன்யனில் ஒரு வசதி உண்டு: விசிறிமேல் ஊர் கிடையாது. இமயமலையில் கதை வேறு. ஆழமான பள்ளத்தாக்கில் வீடு கட்டவும் விதைக்கவும் சமதரை எங்கே கிடைக்கும்? ஓடை வாயில்தான். மண் வளமானது, குடிக்க ஓடை நீர், சாலையும் அங்கேதான் அகலமாகப் போகும். கங்கோத்ரிக்குப் போகும் வழியில் பாகீரதிக் கரையில் இருந்த தராலி அப்படி ஒரு ஊர். அது இருந்தது கீர் காட் என்ற ஓடை ஆற்றில் சேரும் விசிறியின் மேல். 2025 ஆகஸ்ட் 5 மதியம் அந்த ஓடை வழியே சேறும் பாறையும் இறங்கி, விடுதிகளையும் கடைகளையும் ஒரு நிமிடத்துக்குள் மூடியதை நாம் எல்லோரும் ஃபோனில் பார்த்தோம். எதிர்க்கரையில் முக்பா கிராமத்தில் நின்றவர்கள் விசில் அடித்து எச்சரித்ததும் அந்த வீடியோவில் கேட்டது. பலர் இறந்தார்கள், பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. உடனே மேகவெடிப்பு என்று செய்தி வந்தது. வானிலைத் துறையின் அருகிலுள்ள நிலையங்களில் அப்படி ஒரு மழை பதிவாகவே இல்லை; மேலே பனியாறு விட்டுச்சென்ற கற்குவியல் சரிந்ததா என்ற கோணத்தில் ஆய்வாளர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். இஸ்ரோ வெளியிட்ட செயற்கைக்கோள் படத்தில், சங்கமத்தில் விசிறி வடிவப் படிவு சுமார் 20 ஹெக்டேருக்குப் பரவியிருந்தது. அதாவது ஊர் இருந்த விசிறியின் மேல் இன்னொரு அடுக்கு.

அந்த ஊரிலேயே இதற்குச் சாட்சி இருந்தது. கல்ப் கேதார் என்ற பழைய சிவன் கோயில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1940-களில் தோண்டி எடுக்கப்பட்டது. தரையிலிருந்து கீழே இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். யாரும் கோயிலைப் பள்ளம் தோண்டிக் கட்டுவதில்லை. கோயில் கட்டிய பிறகு தரை உயர்ந்திருக்கிறது. 1835-இல் இதே ஓடை பெரிய அளவில் இறங்கியதாக ஊரைப் பற்றிய பதிவுகளில் வருகிறது. 2025-இல் கோயில் மறுபடி புதைந்தது.

ஆற்றை மறிக்கும் ஆபத்தும் அதே நாளில் தெரிந்தது. கொஞ்சம் கீழே ஹர்சிலில் தேல் காட் என்ற இன்னொரு ஓடை ராணுவ முகாமை அடித்துக்கொண்டு வந்து பாகீரதிக்குள் கொட்டியதில், ஆறு பின்வாங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏரியாகத் தேங்கியது. அதை மெதுவாக வடியவைக்க வாய்க்கால் வெட்டவேண்டி இருந்தது. உடைந்தால் என்ன ஆகும் என்பது பாகீரதிக்குத் தெரியும்: 1978 ஆகஸ்டில் கனோடியா காட் என்ற ஓடை ஆற்றை அடைத்து, அந்த அடைப்பு உடைந்தபோது கீழே உத்தரகாசிவரை வெள்ளம் போனது. பக்கத்து ஆறான அலக்நந்தாவில் 1970 ஜூலையில் பாதாள கங்கை என்ற ஓடை கொட்டியதும் பேலாகூச்சி என்ற சந்தை ஊரே போனதும் இதே வகைதான். கேன்யன் ஆற்றில் அடைப்பு என்றால் படகுக்காரர்களுக்குச் சிக்கல். இங்கே அது ஒரு மாவட்டத்தின் பிரச்சினை.

விசிறியில் குடியிருக்கவே கூடாது என்று சொல்வது சுலபம், மலையில் அது நடக்காது. ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் ஊர்களில் பாதி விசிறிமேல்தான் இருக்கும் என்று தோன்றும். அங்கே 1882 வெள்ளங்களுக்குப் பிறகு 1884-இலேயே மலையோடைகளைக் கவனிக்க என்று தனி அரசுத் துறை தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு ஓடை வாய்க்கும் வரைபடம் உண்டு. சிவப்பு மண்டலத்தில் புதிதாகக் கட்ட முடியாது. மஞ்சளில் கட்டலாம், ஓடைப் பக்கம் ஜன்னல் இல்லாத தடித்த சுவர் போன்ற நிபந்தனைகளோடு. மேலே கற்களைத் தடுக்கும் தடுப்பணைகள் இருக்கும். அவை நிரம்பியதும் அள்ளி வெளியேற்ற ஆண்டாண்டுக்குச் செலவு ஒதுக்க வேண்டும். அள்ளாத தடுப்பணை அடுத்த ஓட்டத்துக்கு ஓடுபாதை ஆகிவிடும்.

கோமுகத்திலிருந்து உத்தரகாசிவரை பாகீரதிப் பள்ளத்தாக்கை மத்திய அரசு 2012-இலேயே சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தது. தராலியும் ஹர்சிலும் அதற்குள்தான் வருகின்றன. மண்டலத்தின் எல்லை காகிதத்தில் இருக்கிறது, ஆனால் கீர் காட் விசிறியில் ஓடைக்கும் விடுதிக்கும் இடையே எத்தனை மீட்டர் விட வேண்டும் என்று அந்த அறிவிப்பைப் பார்த்து ஒருவர் வீடு கட்டியதாகத் தெரியவில்லை. இந்த ஓடைகளின் விசிறிகளைக் கூகுள் படத்திலேயே விரல் வைத்துக் காட்டிவிடலாம். ஆற்றை எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு பச்சை முக்கோணமும் ஒன்று; பெரும்பாலானவற்றின் மேல் கூரைகள் தெரியும்.